பாம்பு கடித்த வாலிபர்: பழைய நாளிதழ்த் தலைப்புகளும் தடுமாறு தொழிற்பெயரும்

பழைய நாளிதழ்த் தலைப்புகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, நாலு பேர் கூடும்போது படித்துக்காட்டிச் சிரிப்பது தமிழர்களுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்போடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தலைப்புப் போட்ட உதவி ஆசிரியருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்பதே அந்தத் தீர்ப்பு. அது தவறு என்பது என் வாதம்.

"பாம்பு கடித்த வாலிபர்" என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு நாளில் ஏதோ ஓர் இதழில் மட்டும் வந்ததன்று இது. தமிழ்ச் செய்தித்தாள்களில் ஓயாமல் புழங்கும் வார்ப்பு. பாம்பு வாலிபரைக் கடித்ததா, வாலிபர் பாம்பைக் கடித்தாரா? இரண்டுக்கும் இலக்கணம் இடம் தருகிறது. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும்போது ஐ உருபு மறையலாம். "போலீஸ்காரர் தாக்கிய வாலிபர்" என்றால் இந்தக் குழப்பம் வராது. உயர்திணையில் அந்த உருபு எளிதில் மறைவதில்லை. வாலிபர் தாக்கியிருந்தால் "போலீஸ்காரரை" என்றுதான் வந்தாக வேண்டும். ஆகவே நம்மைச் சிரிக்கவைக்கும் தலைப்புகளில் நாயும் பாம்பும் மாடும் அடிக்கடி தலைகாட்டுவதற்கு இலக்கணக் காரணம் ஒன்று உண்டு.

தொல்காப்பியர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்: தடுமாறு தொழிற்பெயர். இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் ஒரே தொடரில் மயங்கி நிற்பதை அவர் பிழை என்று தள்ளவில்லை. விலக்கில்லை என்று ஏற்கிறார். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு புலிகொல் யானை. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? அடுத்து வரும் சொல்லைப் பார் என்பதே அவர்கள் சொல்லும் வழி. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் யானை பிழைத்தது. யானையின் கொம்பு வந்தது என்று தொடர்ந்தால் யானை மாண்டது. நாளிதழ் வாசகரும் இதையேதான் செய்தார். "பாம்பு கடித்த வாலிபர்" என்பதன் பின் "ஆஸ்பத்திரியில் அனுமதி" என்று வந்தால் அவருக்கு ஓர் ஐயமும் எழாது. தலைப்புக்குக் கீழே இருக்கும் செய்தியே அந்த அடுத்த சொல்.

இதைவிட வலுவான சான்று நம் கொலை வழக்குகளின் பெயர்களில் கிடைக்கிறது. 1911இன் ஆஷ் கொலை வழக்கு, 1944இன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, 1952இன் ஆளவந்தார் கொலை வழக்கு மூன்றிலும் முதலில் நிற்பது மாண்டவர் பெயர். மணியாச்சியில் சுடப்பட்டவர் கலெக்டர் ஆஷ். வேப்பேரியில் குத்துப்பட்டவர் 'இந்துநேசன்' இதழாசிரியர் லட்சுமிகாந்தன்; அந்த வழக்கில் சிறை சென்று 1947இல் விடுதலையான திரைநடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் ஊரே அறியும், ஆயினும் வழக்கின் பெயரில் அவர்கள் இல்லை. அப்படியிருக்க, 1980களின் இறுதியில் ஆட்டோ சங்கர் கொலை வழக்கு வருகிறது. வார்ப்பு அதேதான். ஆனால் இங்கே முதலில் நிற்பவர் கொலையாளி. 1995இல் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டவர். முந்தியவற்றில் பெயர் செயப்படுபொருள், பிந்தியதில் வினைமுதல். ஆட்டோ சங்கரைக் கொன்றது யார் என்று எந்த டீக்கடையிலும் யாரும் கேட்டதில்லை. வாசகருக்கு இந்த மயக்கத்தைத் தீர்க்கத் தெரியும் என்பதை உதவி ஆசிரியர் அறிந்திருந்தார்.

உருபை விட்டதற்கு இடநெருக்கடியும் காரணம். "பாம்பால் கடிக்கப்பட்ட" என்பதற்குப் பன்னிரண்டு எழுத்து. "பாம்பு கடித்த" என்பதற்கு ஏழு. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில், கொட்டை எழுத்தில், ஒற்றைப் பத்தி அகலத்தில் ஐந்து எழுத்து மிச்சம் என்பது ஒரு வரியே மிச்சம். ஆனால் காதுக்கும் இதில் பங்கு உண்டு. என் பார்வையில் அதுவே பெரிய பங்கு. சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கியது 1942 நவம்பர் 1இல். 1951 கணக்கெடுப்பின்போதுகூட இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவுதான். கடைப் பலகையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்ட தாள் அது. அதனால்தான் கத்திக்குத்துச் செய்தியில் "சதக் சதக்" என்ற ஓசை இடம்பிடித்தது. "லாரி மோதி முதியவர் பலி; ஓட்டுநர் ஓட்டம்" போன்ற அமைப்பில் மோனை விழுவதும் தற்செயல் அன்று. "தர்ம அடி", "வலைவீச்சு", "கம்பி நீட்டினார்" என்று பேச்சிலிருந்து எடுத்ததைத் தாள் மறுபடி பேச்சுக்கே கொடுத்தது. பத்திரிகைத் தமிழ் கெட்டது என்று புலவர்கள் வருந்திய அதே ஆண்டுகளில், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர்களுக்கு அதுதான் பாடநூலாக இருந்தது. இந்தப் பணியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

எல்லாவற்றையும் நான் காக்க வரவில்லை. விபசார வழக்கில் பிடிபட்ட ஏழைப் பெண்ணை "அழகி கைது" என்று போட்ட வழக்கத்துக்கு எந்த இலக்கணமும் அரண் ஆகாது. அங்கே பொருள் மயக்கமே இல்லை. இரக்கமின்மை தெளிவாகவே இருக்கிறது. அதைப் படித்துச் சிரிக்க ஒன்றுமில்லை.

மற்றவற்றில் நாம் சிரிப்பது பெரும்பாலும் கத்தரிக்கோல் செய்த வேலையைப் பார்த்துத்தான். தலைப்பை மட்டும் வெட்டி, அதன் கீழிருந்த செய்தியையும் தேதியையும் இதழின் பெயரையும் எறிந்துவிட்டால், அடுத்து வர வேண்டிய சொல் போய்விடுகிறது. புலியும் யானையும் என்றைக்கும் தீராமல் மோதிக்கொண்டிருக்கும். கடை வாசலில் தொங்கிய சுவரொட்டிகளின் கதி இதைவிட மோசம். "பிரபல நடிகர் மரணம்" என்று பெயர் சொல்லாமல் ஆளை இழுத்து நாளிதழை வாங்கவைத்த அந்தத் தாள்கள், மறுநாளே பொட்டலம் கட்டப் போயின.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியிலோ அலமாரித் தட்டிலோ விரித்த பழைய நாளிதழ் இருக்கலாம். அதைக் கத்தரிக்காதீர்கள். முழுத்தாளாக, தேதி தெரியும்படி மடித்து, ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓர் ஆவணக்காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள்.