இடுப்புக் கட்டும் சீட் பெல்ட்டும்

குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகியிருந்தால் மார்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு போடுவார்கள். 1851-இல் டச்சு ராணுவ மருத்துவர் மதைசன் உருவாக்கிய பிளாஸ்டர் துணிதான் இதற்கு மூலம். வியன்னாவின் அடால்ஃப் லாரன்ஸ், கத்தி வைக்காமல் மூட்டைச் சேர்த்துக் கட்டுப் போடும் முறையால் புகழ்பெற்றார். 1902-இல் ஒரு பணக்காரக் குழந்தைக்காகச் சிகாகோவுக்கே அழைக்கப்பட்டார்.

அப்போது கார்களே அபூர்வம். மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோவின் நீல்ஸ் போலின் 1959-இல்தான் கொண்டுவந்தார். குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் சட்டம் அமெரிக்காவின் டென்னசியில் 1978-இல் அமலானது. இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வந்த பிறகே, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்றானது.

ஆனால் பாருங்கள், கால்கள் அகன்று விறைத்திருக்கும் குழந்தை சாதாரண இருக்கையில் அடங்காது. வெளிநாடுகளில் இதற்கென்றே அகலமான இருக்கையும், படுக்க வைத்துக் கட்டும் பெல்ட் உடையும் வந்துவிட்டன. நாகல் நகரிலிருந்து மதுரை சுமார் 60 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் ஒரு திடீர் பிரேக் போதும். அம்மாவின் மடி குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. கட்டின் எடையும் சேர்ந்துகொள்ளும். எனவே "வீட்டுக்கு எப்படிக் கூட்டிப்போவது?" என்று கட்டுப் போடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.