அரிசியில்லாத அப்பம்

பெருநாள் தொழுகை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதிராம்பட்டினத்தில் பசியாற வைக்கும் தட்டில் இடியாப்பம் இருக்கும். அதன் ஓரத்தில், தொட்டால் நடுங்குகிற ஒரு துண்டும் இருக்கும். மஞ்சளா பழுப்பா என்பது வீட்டைப் பொறுத்தது. பெயர் வட்டிலப்பம். சிலர் வட்டலப்பம் என்பார்கள். காயல்பட்டினத்துக்காரர்கள் நீட்டி வட்டிலாப்பம் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அது அப்பமே கிடையாது. மாவு அரைப்பதில்லை, புளிக்க வைப்பதில்லை, சட்டியில் ஊற்றிச் சுடுவதில்லை. முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு, கொஞ்சம் ஏலக்காய். நான்கையும் கலந்து ஆவியில் வேக வைத்தால் வட்டிலப்பம்.

தஞ்சாவூர்ச் சீமையில் இது அதிசயம்தான். இங்கே அதிரசத்துக்குப் பச்சரிசி, கொழுக்கட்டைக்கு அரிசி மாவு. நோன்பு திறக்கிற கஞ்சியும் அரிசிதான். மேட்டூர் அணையோடு 1934-இல் கல்லணைக் கால்வாயும் வந்தபிறகு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலமும் நெல் விளைகிற பூமியானது. சுற்றிலும் நெல் இருக்கிற ஊரின் பெருநாள் இனிப்பில் ஒரு பருக்கை அரிசி இல்லையென்றால், அந்த இனிப்பு வயல் பக்கமிருந்து வந்திருக்க முடியாது. அதிராம்பட்டினத்துக்கு இன்னொரு வாசல் உண்டு. உப்பளங்களைத் தாண்டிப் போனால் பாக் நீரிணை. வட்டிலப்பம் அந்த வாசல் வழியாக வந்தது.

அதன் மூத்த உறவை மலாய் பேசும் நாடுகளில் ஸ்ரீகாயா என்கிறார்கள். மலாயில் காயா என்றால் வளம், செல்வம். சீத்தாப்பழத்துக்கும் அங்கே அதே பெயர். ஸ்ரீகாயாவுக்கும் முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு இந்த மூன்றே. தாய்லாந்தில் அது சங்கயா ஆகிவிடும். பூசணிக்காயைக் குடைந்து, உள்ளே ஊற்றி அவித்து, காயோடு சேர்த்து வெட்டித் தருவார்கள். மலாய்க்காரர்களுக்குக் கைவசம் இருந்த இனிப்பு, தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சிய வெல்லம். மலாக்காவின் பெயரால் அதை குலா மலாக்கா என்பார்கள்.

இதை இலங்கைக்குக் கொண்டுவந்தது ஒல்லாந்தர் கப்பல். கொண்டுவர வேண்டுமென்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். 1619-இல் ஜாவாவில் பத்தாவியாவைப் பிடித்த டச்சுக் கம்பெனி, 1656-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொழும்பையும் பிடித்தது. இரண்டு துறைமுகங்களுக்கும் ஒரே முதலாளி என்றானபின், ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களும் அடிமைகளும் நாடுகடத்தப்பட்டவர்களும் இலங்கையில் வந்து இறங்கினார்கள். மாதரம் அரசின் மன்னராக இருந்த மூன்றாம் அமங்குராத்தே 1708-இல் பிடிபட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே இறந்தார். இலங்கைத் தமிழில் இவர்களுக்கு ஜாவா மனுசர் என்று பேர். 1796-இல் ஒல்லாந்தர் போய் இங்கிலீஷ்காரர் வந்தபோதும் மலாய்ச் சிப்பாய்கள் படையிலேயே தொடர்ந்தார்கள். அவர்கள் நிறைந்திருந்த சிலோன் ரைபிள்ஸ் படை 1873-இல்தான் கலைக்கப்பட்டது.

அதற்குள் அவர்களுக்குத் தமிழ் பேசும் சோனகர்களோடு நெருக்கம் வந்துவிட்டது. ஒரே பள்ளிவாசலில் தொழுதார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போன ஸ்ரீகாயா தமிழ்ப் பேரோடு வெளியே வந்தது. வட்டில் என்பது கிண்ணத்துக்கு நம்மிடம் இருந்த பழைய சொல். கிண்ணத்தில் ஊற்றி அவிப்பதால் வட்டிலப்பம். பலகாரம் என்றால் அப்பம் என்றே பழகிய நாக்கு, அரிசியில்லாத ஒன்றுக்கும் அந்தப் பேரையே வைத்துவிட்டது. சிங்களவர்கள் அதை வட்டலப்பன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பேர் மாறியபோது இனிப்பும் மாறியது. இலங்கைக் காடுகளில் கித்துள் மரம் செழிப்பாக வளரும். நாம் கூந்தற்பனை என்று சொல்வது அதைத்தான். கித்துள் வெல்லத்துக்குக் கறுப்பு நிறமும் லேசான புகை மணமும் உண்டு. இன்றும் கொழும்பில் நல்ல வட்டிலப்பம் என்றால் கித்துள் வெல்லம் போட்டிருக்க வேண்டும். கொஞ்சம் சாதிக்காயும் உரசிப் போடுவார்கள்.

அதிராம்பட்டினத்துக்காரர்களுக்குக் கொழும்பு தூரமாகத் தெரிந்த காலம் கிடையாது. பயணம் போய்ச் சம்பாதித்து வருகிறவரை நம் கடற்கரை ஊர்களில் சபுராளி என்பார்கள். பயணத்தைக் குறிக்கிற சபர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு, எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில். போட் மெயில் என்று பேர் வாங்கிய வழி அது. போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே கடை வைத்திருந்து, பெட்டியும் கைலியுமாகத் திரும்பி வருவார்கள்.

அந்தப் பெட்டிக்குள் வட்டிலப்பம் வந்திருக்க வாய்ப்பில்லை. இன்று அவித்தால் நாளைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தேங்காய்ப்பாலும் முட்டையும் அதற்குமேல் தாங்காது. கீழக்கரையில் செய்கிற தொதலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் மலாய்க்காரர்களின் தொதோல்தான். தேங்காய்ப்பாலையும் அரிசி மாவையும் வெல்லத்தையும் எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டுவதால் நாள்கணக்கில் கெடாது. பொட்டலம் கட்டலாம், பார்சல் அனுப்பலாம். ஊர் ஊராகப் போனாலும் தொதல் தொதலாகவே இருக்கும். வட்டிலப்பம் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. ஏறியது அதன் செய்முறை மட்டும். அதுவும் சாப்பிட்டவர் நாக்கிலோ, செய்தவர் கையிலோ. அதனால் இறங்கிய துறைமுகத்திலெல்லாம் அது புதிதாகப் பிறக்க வேண்டியிருந்தது. முட்டையும் தென்னையும் எங்கும் இருந்தன. இனிப்புக்கு மட்டும் அந்தந்த ஊர் மரத்தைக் கேட்டது. மலாக்காவில் தென்னை, கொழும்பில் கித்துள், இந்தக் கரைக்கு வந்ததும் பனங்கருப்பட்டி, கடைசியில் கடையில் வாங்குகிற வெள்ளைச் சீனி.

அதிராம்பட்டினத்து நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு பெருநாள் ராத்திரி இது பிறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நண்பரின் உம்மாவை நானும் உம்மா என்றுதான் கூப்பிடுவேன். பத்து முட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு அகலச் சட்டியில் ஊற்றினார். அளவு கேட்டதற்கு ஒரு டம்ளரை எடுத்துக் காட்டினார்.

“முட்ட எத்தன டம்ளரு வருதோ, அத்தன டம்ளரு பாலு, அத்தன டம்ளரு சீனி. இதுல என்ன கணக்கு இக்கிது?”

இரண்டு தேங்காயைத் துருவி, மிகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, முதல் பாலை மட்டும் பிழிந்திருந்தார். இரண்டாம் பால் குழம்புக்குப் போய்விட்டது. சீனியில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்துக் கருக விட்டு, நிறத்துக்காகச் சேர்த்தார். மருமகள் முட்டையை அடிக்க ஆரம்பித்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அடிக்காதம்மா, கலக்கு. நொர வந்தா ஓட்ட ஓட்டயா போயிரும்.”

கலந்ததை வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டினார்கள். ஏலக்காய்த் தூளும் முந்திரியும் விழுந்தன. இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும், கிண்ணத்தை இறக்கி, மூடிக்கு அடியில் ஒரு துணியைக் கட்டினார். ஆவி குளிர்ந்து சொட்டினால் மேல்பரப்பு பொத்தலாகிவிடும். பிறகு அடுப்பைத் தணித்தார். முட்டை கலந்த பால் 80 டிகிரிப் பக்கம் போனாலே இறுகத் தொடங்கிவிடும். கொதிக்கிற தண்ணீரோ 100 டிகிரி. அந்த 20 டிகிரி இடைவெளியில்தான் வட்டிலப்பத்தின் மானம் இருக்கிறது. தீ கூடினால் உள்ளே குமிழி விட்டு, தண்ணீர் பிரிந்து, தேன்கூடு மாதிரி ஆகிவிடும். முக்கால் மணி நேரம் கழித்து, தென்னை ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தார். குச்சி சுத்தமாக வந்தது.

அளவைப் பற்றி அவர் சொன்னதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். முட்டை, பால், சீனி மூன்றும் சரிக்குச் சரி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பழைய முறையில் காயா கிண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவும் ஏறக்குறைய இதுதான். யாரும் எழுதி அனுப்பாத கணக்கு இரண்டு கடல் தாண்டியும் கலையாமல் இருக்கிறது.

எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. கொழும்பின் டெய்லி நியூஸ் பத்திரிகை, ஹில்டா டியூட்ரம் தொகுத்த சமையல் புத்தகத்தை 1929-லேயே வெளியிட்டது; தலைமுறை தலைமுறையாக இலங்கை அடுக்களைகளில் அது புழங்கியது. அதே பத்திரிகையில் வேலை பார்த்த சார்மெய்ன் சாலமன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, 1976-இல் ஆசியச் சமையல் அனைத்தையும் ஒரே புத்தகமாக எழுதினார். இலங்கைப் பகுதியில் வட்டிலப்பம் இடம்பிடித்து உலகம் சுற்றியது. தமிழ்நாட்டில் புதுமணப் பெண்களுக்குச் சீராகப் போன புத்தகம், 1951-இல் மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’. அது சைவ அடுக்களையின் புத்தகம். முட்டைக்கு அங்கே வேலையில்லை. ஆகவே நம் பக்கத்தில் வட்டிலப்பம் வெகுநாள் அச்சேறாமல் உம்மாவிடமிருந்து மகளுக்கு, மாமியிடமிருந்து மருமகளுக்கு என்றே போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பத்திரிகைகள் ரம்ஜான் இணைப்பு போட ஆரம்பித்தபிறகுதான் வெளி ஆட்களுக்குத் தெரிந்தது.

சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைத் தின்றாலும் இது யாருடையது என்று கேட்போம். வட்டிலப்பத்தைக் கேட்டால் கொழும்புச் சோனகர் எங்களது என்பார். இலங்கை மலாய்க்காரர் எங்களது என்பார். காயலும் கீழக்கரையும் அதிரையும் சும்மா இருக்காது. எல்லோரும் சொல்வது நிஜம்தான். என்ன வெல்லம் போடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சண்டை நின்று, வந்த வழி தெரிந்துவிடும்.

கொழும்பு வழி நெடுநாள் நிலைக்கவில்லை. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தபிறகு இந்திய வணிகர்களுக்கு அங்கே காலூன்ற இடம் குறைந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போனது. போட் மெயிலின் கப்பல் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து போனது; 1980-களில் இலங்கையின் உள்நாட்டுப் போரோடு அதுவும் நின்றது. சபுராளிகளுக்கு மலேயாவும் சிங்கப்பூரும் முன்பே பழக்கம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். அங்கே காலையில் காப்பிக் கடையில் உட்கார்ந்தால், சுட்ட ரொட்டியில் வெண்ணெயும் காயாவும் தடவி, அரைவேக்காட்டு முட்டையோடு வைப்பார்கள். சிங்கப்பூரில் 1944-இல் தொடங்கிய யா குன் கடை இன்றும் அந்த ரொட்டியை விற்கிறது. சில காயா பச்சையாக இருக்கும். அந்தப் பச்சை, நம் கடற்கரை ஊர்களில் நெய்ச்சோற்றுக்குப் போடுகிற அதே ரம்பை இலையின் சாறு. பெருநாள் வட்டிலப்பத்தை நினைத்து ஏங்கிக்கொண்டே அதன் பாட்டி வீட்டில் பசியாறியவர்கள் எத்தனை பேரோ.

தென்னை எங்கும் இருக்கும் என்று மேலே எழுதினேன். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அந்த நம்பிக்கையையும் அசைத்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாக மரங்கள் வேரோடு சாய்ந்தன. நெட்டைத் தென்னை நட்டுக் காய் பார்க்க ஆறேழு வருடம் ஆகும். அடுத்த பெருநாள் அதற்காகக் காத்திருக்கவில்லை. காய் விலை கொடுத்து வாங்கியாவது பால் பிழிந்தார்கள்.

அந்தப் பெருநாள் ராத்திரி, கிண்ணத்தை இறக்கி ஆற வைத்திருந்த நேரத்தில் உம்மாவின் கைப்பேசி அடித்தது. வெளிநாட்டில் இருக்கும் பேத்தி. அங்கே முதல்முறையாகத் தானே செய்கிறாளாம்.

“உம்மம்மா, பாலு டின்னுலதான் இக்கிது. கருப்பட்டி எங்கேயும் கெடைக்கல. பழுப்புச் சீனி ஒண்ணு இக்கிது, போடலாமா?”

“என்ன கெடைக்கிதோ அத போடு வாப்பா. மூணும் சரிக்குச் சரியா இக்கிதான்னு மட்டும் பாத்துக்க.”

ஒரு மணி நேரம் கழித்துப் படம் வந்தது. அடர்ந்த பழுப்பு, ஏறக்குறைய கித்துள் நிறம். உம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரிந்தன.

“தீய கூட வச்சிட்டா” என்றார்.