எரிந்துபோன சட்டங்கள்

ஒரு சட்டம் எங்கே இருக்கிறது? "புத்தகத்தில்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அயர்லாந்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

இடைக்காலத்தில் அங்கே சட்டங்களைத் தோல் சுருள்களில், லத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதி வைத்தார்கள். குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ் மொழி பேசக்கூடாது, ஐரிஷ்காரர்களை மணக்கக்கூடாது என்றன 1366-ன் கில்கென்னி சட்டங்கள். வேடிக்கை என்னவென்றால், அவையும் ஆங்கிலத்தில் இல்லை, பிரெஞ்சில்தான் இருந்தன!

சட்டத்தைக் குறிப்பிடும் முறையும் வேறு. எட்டாம் ஹென்றியை அயர்லாந்தின் அரசர் என்று அறிவித்த 1542-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடையாளம், "எட்டாம் ஹென்றி ஆட்சியின் 33-ஆம் ஆண்டு, 1-ஆம் அத்தியாயம்". எந்த மன்னர் எப்போது பட்டத்துக்கு வந்தார் என்று தெரியாவிட்டால் சட்டத்தைத் தேடவே முடியாது.

பிறகு 1922 வந்தது. உள்நாட்டுப் போரில், ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின.

ஆனால் கில்கென்னி சட்டங்களை இன்றும் படிக்க முடிகிறது. ஜான் மன்னர் முதல் ஐந்தாம் ஹென்றி வரையிலான சட்டங்களை ஹென்றி பெர்ரி என்பவர் தொகுத்து 1907-லேயே அச்சிட்டிருந்தார். தீ விபத்துக்கு வெறும் 15 ஆண்டுகள் முன்பு!

2007-ல் அயர்லாந்து நாடாளுமன்றம் 3,200-க்கும் மேற்பட்ட பழைய சட்டங்களை நீக்கியது. தக்கவைத்தவற்றில் மிகப் பழையது 1204-ஆம் ஆண்டின் சந்தைச் சட்டம். 2022-ல், வேறு இடங்களில் கிடைத்த நகல்களைத் திரட்டி, எரிந்த காப்பகத்தை இணையத்தில் மீட்டுருவாக்கும் தளமும் திறக்கப்பட்டது.

மூலத்தைப் பூட்டி வைத்தார்கள், அது போய்விட்டது. யாரோ எடுத்த நகல்தான் மிஞ்சியது. நம் வீட்டுப் பத்திரங்களுக்கு நகல் இருக்கிறதா?