டேப்பா, லேப்டாப்பா? 2011-லேயே ஒரு பரீட்சை நடந்ததுங்க



2025 மார்ச் 14 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு ஓர் அறிவிப்புச் செய்தார். 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, அவரவர் விருப்பப்படி. அன்றிலிருந்து எனக்குப் போன் ஓயவில்லை. "சார், பொண்ணு எதைக் கேக்கட்டுமுங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் விளங்கும்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டத்தில் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். சரியாக 20 நாள் கழித்து, அக்டோபர் 5-ல் டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' கைக்கணினியை வெளியிட்டார். மாணவர் கையில் எதைக் கொடுப்பது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு அரசுகள் இரண்டு விடை எழுதின.

ஆகாஷின் விலை அரசுக்கு 2,276 ரூபாய்தான். 7 அங்குலத் திரை, 256 எம்பி நினைவகம். தொட்டால் போதாது, அழுத்த வேண்டும்! 2012 நவம்பரில் ஐஐடி மும்பையின் மேற்பார்வையில் வந்த ஆகாஷ் 2 எவ்வளவோ மேல். ஆனாலும் சில ஆண்டுகளில் திட்டம் ஓய்ந்துவிட்டது. இங்கே மடிக்கணினி 50 லட்சத்தைத் தாண்டியது.

மலிவுச் சரக்கு என்பதால் மட்டும் ஆகாஷ் தோற்றது என்று நான் நினைக்கவில்லை. அதில் பார்க்கலாம், படிக்கலாம். பத்துப் பக்கம் எழுத முடியாது. நம் கோவையில் 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில்தான் தமிழக அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்றது. தமிழ்99 விசைப்பலகை 1999-லேயே வந்துவிட்டது. ஆக, மடிக்கணினி வந்தபோது தமிழில் தட்டச்ச எல்லாம் தயார். சோமனூர்ப் பக்கம் தறி ஓடுகிற எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். வாங்கிய கையோடு விற்றவர்களும் உண்டு, சினிமா பார்த்தே தேய்த்தவர்களும் உண்டு, மறைப்பானேன்? ஆனால் அதிலேயே எக்செல் பழகித் திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. 1972-லேயே அமெரிக்காவில் ஆலன் கே என்பவர் குழந்தைகளுக்காகச் சிலேட்டு மாதிரி ஒரு கணினியைக் கற்பனை செய்தார், 'டைனாபுக்' என்று பெயர். அந்தச் சிலேட்டிலும் அவர் விசைப்பலகையை விடவில்லை.

கைக்கணினியை நான் குறைசொல்லவில்லை. 2024-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கொடுத்தது அதைத்தான். வகுப்பில் நின்றுகொண்டே வருகை போட, பிள்ளைகளுக்குப் படம் காட்ட அதுவே தோது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் நடக்க முடியுமா?

ஆனால் கல்லூரிப் பிள்ளைக்கு புராஜெக்ட் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, வேலைக்கு விண்ணப்பம் இருக்கிறது. மடிக்கணினியே கேட்கச் சொல்லுங்கள். ஓவியம், டிசைன் படிக்கிற பிள்ளை என்றால் மட்டும், பேனாவோடு வருகிற கைக்கணினியா என்று விசாரித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். எதை வாங்கினாலும் முதல் வாரமே தமிழ்99 பழகச் சொல்லுங்கள், கண்ணுகளா.