நிலைத்த குரலும் மறைந்த குரலும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கோயில்களில் வைகறைதோறும் ஒலிபெருக்கியில் நாம் கேட்டு வளர்ந்த குரல் எம்.எஸ். சுப்புலட்சுமியுடையது. அவர் காலத்தவரான என்.சி. வசந்தகோகிலத்தின் குரலை அங்குக் கேட்பது அரிது. இனிமையிலும் சுருதிச் சுத்தத்திலும் இவர் எவர்க்கும் இளைத்தவரல்லர் என்பது என் துணிபு. 'ஹரிதாஸ்' (1944) படத்தில் தியாகராஜ பாகவதருக்கு இணையாக நடித்தவர்.

1951-இல், முப்பத்திரண்டாம் அகவையில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவை, பக்கத்துக்குச் சில நிமிடமே ஓடும் 78 சுழற்சி இசைத்தட்டுகள். நீள்தட்டு நம் நாட்டில் பரவியபோது அவர் இல்லை. எம்.எஸ். இருந்தார்: 1963-இல் சுப்ரபாத இசைத்தட்டு, 1966-இல் ஐ.நா. சபை. கணவர் சதாசிவத்தின் திட்டமிடலும் துணைநின்றது. கே.பி. சுந்தராம்பாளுக்கு 'ஔவையார்' (1953) மறுவாழ்வு தந்தது. ஏட்டிலேறாத பாட்டின் கதி கவிஞர்கள் அறியாததன்று. வசந்தகோகிலத்தின் குரல் பழந்தட்டுச் சேகரிப்பாளர்களின் பேணுதலால் இன்றும் ஒலிக்கிறது.