உழைப்பைப் பாடிய சித்திரம்: ‘ஸ்னோ வைற்’ திரைப்படம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1937ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் காதே சேர்க்கிள் அரங்கிலே, வால்ற் டிஸ்னியின் ‘ஸ்னோ வைற்றும் ஏழு குள்ளர்களும்’ முதன்முறையாகத் திரையிடப்பட்டது. சில நிமிடங்களிற் சிரிக்கவைத்து மறையும் கார்ட்டூன்களையே அதுவரை அறிந்திருந்த ஹொலிவூட், 83 நிமிடங்கள் வரையப்பட்ட உருவங்களையே பார்த்திருக்க எவர் வருவர் என ஐயுற்றது. இம்முயற்சியை ‘டிஸ்னியின் மடமை’ என எள்ளியது. ஏறத்தாழ 15 இலட்சம் டொலர் செலவான அப்படமோ பெருவெற்றி ஈட்டியது. பல தலைமுறைகள் கடந்தும் அது பார்க்கப்படுகின்றது. இந்நிலைபேற்றுக்குக் காரணம் யாது? குழந்தையுள்ளம், ஓவிய அழகு, இனிய இசை என்னும் வழமையான விடைகள் பிழையானவையல்ல; எனினும் அவை போதியனவுமல்ல. அப்படம் தோன்றிய காலச் சூழலையும், அதனை ஆக்கியோரின் வாழ்வையும் ஒருங்கே நோக்கும்போதே விடை தெளிவாகும்.

இக்கதை ஜேர்மனிய நாட்டார் வழக்கிலிருந்து கிறிம் சகோதரர்களால் 1812இல் நூலுருப் பெற்றது. அம்முதற் பதிப்பிலே பெண்ணைக் கொல்ல முனைபவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். எனவே, கதையை மாற்றியமைத்தவர்களுள் டிஸ்னி முதல்வர் அல்லர். அரசி மும்முறை கொல்ல முயல்வதை ஒருமுறையாகச் சுருக்கியதும், உறக்கம் கலைவதற்கு இளவரசனின் முத்தத்தைக் காரணமாக்கியதும் பலரும் அறிந்த மாற்றங்கள். அதிகம் கவனிக்கப்படாத மாற்றம் ஒன்றுண்டு. கிறிம் கதையில் குள்ளர்களின் வீடு துப்புரவாகவும் ஒழுங்காகவும் இருக்கின்றது. அவர்களுக்குப் பெயரும் இல்லை. படத்திலோ வீடு தூசியும் சிலந்திவலையும் படிந்து கிடக்கின்றது. கோபக்காரன், வெட்கக்காரன், தூக்கக்காரன் என ஒவ்வொருவனுக்கும் தன் குணத்தையே குறிக்கும் பெயர் உண்டு. சுரங்கம் தோண்டுதல், வீடு கூட்டுதல், பாத்திரங் கழுவுதல், சமைத்தல் ஆகியவற்றுக்குப் படம் தாராளமாக நேரம் ஒதுக்குகின்றது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வந்துபோகும் இளவரசனைக் காட்டிலும், உழைப்பே இப்படத்தில் கூடிய இடத்தைப் பெறுகின்றது.

இது தற்செயலானதன்று. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தால், 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளருள் நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். சிறிது மீண்ட பொருளாதாரம் 1937இல் மறுபடியும் சரிந்தது. வேலை கிடையாமை ஒருபுறமும், கிடைத்த வேலையின் சலிப்பு மறுபுறமுமாக மக்களை வருத்திய காலம் அது. அக்காலத்துப் பார்வையாளர் முன்னே முதலாளியும் கூலியுமற்ற ஓர் உழைப்புலகம் விரிந்தது. குள்ளர்கள் பாடிக்கொண்டே இரத்தினங்களைத் தோண்டுகின்றனர். மாலையில் அவற்றை அறையில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கதவருகிலேயே தொங்கவிட்டுச் செல்கின்றனர். அங்கே செல்வத்திற்குச் சந்தையில்லை. களவு பற்றிய அச்சமுமில்லை. உழைப்பு சுமையாக இராது, கூடிவாழ்தலின் மகிழ்ச்சியாக அமைதல் வேண்டும் என்ற ஏக்கம் மனிதகுலத்தின் தொன்மையான ஏக்கங்களுள் ஒன்று. அந்த ஏக்கத்துக்கு உருக் கொடுத்தமையே இப்படத்தின் நீடித்த கவர்ச்சிக்கு அடிப்படை எனலாம்.

ஆனால் இக்கனவை ஆக்கிய உழைப்பு எத்தகையது? செக்கனுக்கு 24 சட்டகங்கள் வீதம் 83 நிமிடங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 சட்டகங்கள் தேவை. ஓவியர்கள் பென்சிலால் வரைந்த உருவங்களைச் செலுலொயிட் தாள்களில் மையால் படியெடுத்து, வண்ணந்தீட்டிய பின்னரே ஒளிப்படக் கருவியின் முன் வைத்தனர். படியெடுத்து வண்ணந்தீட்டும் நுண்ணிய பணியைப் பெண்களே செய்தனர். உருவங்களை அசைவித்து வரையும் உயர்பணி பெரும்பாலும் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. அப்பெண்களின் பெயர்கள் திரையில் இடம்பெறவில்லை. நாயகிக்குக் குரல் கொடுத்த அட்ரியானா கசெலோற்றியின் பெயரும் இல்லை. 1939இல் டிஸ்னிக்கு ஒரு பெரிய ஒஸ்கார் சிலையும் ஏழு சிறிய சிலைகளும் சிறப்புப் பரிசாக வழங்கப்பட்டன. கற்பனைத் தொழிலாளர் எழுவரும் நினைவுகூரப்பட்டனர். உண்மைத் தொழிலாளரோ மறக்கப்பட்டனர்.

1941 மே 29ஆந் திகதி டிஸ்னி நிறுவனத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஊதிய ஏற்றத்தாழ்வும், தொழிற்சங்க உரிமை மறுப்பும் அதற்கான காரணங்களுட் சில. ‘ஸ்னோ வைற்’ படத்தின் அரசியை அசைவித்து வரைந்த ஆர்ட் பபிற், தொழிற்சங்கத்தில் முன்னின்றமையால் வேலைநீக்கப்பட்டமை உடனடித் தூண்டுதலாயிற்று. மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்க நேர்ந்தது. திரையிலே சீழ்க்கையடித்து மகிழ்ந்த உழைப்பின் மறுபக்கம், தொழிலகத்தின் வாயிலில் மறியலாக வெளிப்பட்டது.

அவ்வாறாயின் இப்படம் வெறும் ஏமாற்றா? அங்ஙனம் ஒதுக்கிவிடுதல் கலையை எளிமைப்படுத்துவதாகும். சோவியத் திரைமேதை ஐசன்ஸ்ரைன் 1940களின் தொடக்கத்தில் டிஸ்னி பற்றி எழுதிய குறிப்புகளில், உருவங்கள் தம் விருப்பப்படி உருமாறும் சுதந்திரத்தை வியந்தார். இயந்திர ஒழுங்கினால் நெருக்கப்பட்ட மனிதனுக்கு அது தரும் ஆறுதலை அவர் இனங்கண்டார். கனவு பொய்யாயிருக்கலாம், அக்கனவை வேண்டிநிற்கும் மனிதத் தேவை பொய்யன்று. ஆதலால் இப்படத்தை இரசிப்பதில் நாணவேண்டியது யாதுமில்லை. அந்த மென்மையான கோடுகள் ஒவ்வொன்றின் பின்னும் பெயர் பொறிக்கப்படாத ஒரு கரம் இயங்கியது என்பதையும் அறிந்து இரசித்தல் வேண்டும். கலை வரலாறு அக்கரங்களுக்குரிய இடத்தை வழங்கும்போதே அது முழுமை பெறும்.