வேட்கையும் பேறும்: இரட்சணிய யாத்திரிகத் தேவாரங்கள்

சமயம் மாறிய உள்ளத்தின் துயரையும் அது பின்னர் எய்திய அமைதியையும் தமிழ் இலக்கியத்தில் நாடுவார் முதற்கண் காண்பது நடுநாட்டையே. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கண்டமங்கலத்திற்குத் தென்மேற்கே, கெடிலக் கரையில் திருவதிகை அமைந்துள்ளது. சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பூண்ட நாவுக்கரசர், சூலைநோயுற்று, தமக்கை திலகவதியாரை நாடி வந்து அங்கே மீண்டும் சிவநெறி புக்கார் எனப் பெரியபுராணம் கூறும். அவர் பாடல்கள் பிற்காலத்தே தேவாரம் எனப் பெயர் பெற்றன. ஏழாம் நூற்றாண்டுக்குரிய அப்பாடல்களின் பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவப் புலவர் ஒருவர் தம் காப்பியத்துள் அமைந்த இசைப்பாடல்களுக்கு இட்டார். அவர் ஹெ. ஆ. கிருஷ்ண பிள்ளை. இப்பெயரீட்டின் கருத்து யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடியில் தோன்றிய இவர், இளமையிலேயே கம்பராமாயணப் பயிற்சி மிக்கவர். 1853-இல் சாயர்புரத்துக் கிறித்தவப் பள்ளியில் தமிழாசிரியரானார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவி இவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாயிற்று. திருமுழுக்குக்கும் நூலாக்கத்துக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நூலை மொழிபெயர்ப்பென ஒதுக்குவாரும், கம்பன் நடையின் எதிரொலியெனக் கொள்வாரும் உளர். இரண்டும் முழுமையான மதிப்பீடுகள் அல்ல. பனியன் நூலில் பயணி சிலுவையடியை அடைந்ததும் அவன் முதுகுச்சுமை கழன்று வீழ்கிறது. அந்நிகழ்ச்சி சுருங்கவே சொல்லப்படுகிறது. கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து, கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைக்கிறார். பனியனிடம் சுமையின் நீக்கம் முதன்மை பெறுகிறது. தமிழ்க் காப்பியத்தில் சுமை நீக்கிய தலைவனின் திருவுருவம் முதன்மை பெறுகிறது. இறைவனின் செயலையும் வடிவையும் நினைந்து உருகுதல் ஆழ்வார், நாயன்மார் காலந்தொட்டு வரும் மரபு என்பது வெளிப்படை.

அம்மரபின் பயனே தேவாரங்கள். அவை காப்பிய முடிவில் மட்டும் வாழ்த்தாக நிற்பன அல்ல. கதையின் இடையிடையே அமைவன. ஆங்காங்கே கதை நின்றுவிடுகிறது. கதைமாந்தன் குரலும் புலவர் குரலும் ஒன்றாகி இறைவனை முன்னிலைப்படுத்தி வேண்டுகின்றன. நம்பிக்கையைப் பெற்ற பின்னரும் வேண்டல் ஓயவில்லை. திருமுழுக்குப் பெற்றுப் பல்லாண்டு கழிந்த பின்னரும் புலவர் ஏங்கிப் பாடுகிறார் எனின், அவர் கண்ட நிறைவு வேட்கையின் அழிவன்று. வேட்கை தனக்குரிய இடத்தை அறிந்துகொண்ட நிலையே ஆகும்.

இருவர்க்கும் வேற்றுமையும் உண்டு. நாவுக்கரசர் பிறந்த சமயத்துக்கு மீண்டார். கிருஷ்ண பிள்ளை பிறந்த சமயத்தினின்று நீங்கினார். மீண்டவர்க்கு மொழியும் மரபும் முன்னமே காத்திருந்தன. நீங்கியவரோ அவற்றை இழக்கும் நிலையில் நின்றார். அக்காலத்தில் மதம் மாறியோர்பால், தமிழ் மரபுக்கு அயலாராயினர் என்னும் குறை சுமத்தப்பட்டது. அதற்குக் கிருஷ்ண பிள்ளை வாதத்தால் விடை கூறுதலினும் தம் பாடல்களுக்கு இட்ட பெயரால் விடை கூறினார் எனலாம். கொள்கையை மாற்றிக்கொண்ட அவர், தாம் உருகக் கற்ற மொழியைக் கைவிட்டாரல்லர்.

ஆகவே, இரட்சணிய யாத்திரிகத்தைக் கிறித்தவ இலக்கியம் என்னும் தனிப்பகுப்பில் மட்டும் வைத்துக் கற்பது போதாது. தமிழ்ப் பக்தி இலக்கிய வரலாற்றின் தொடர்ச்சியாகவும் அது கற்கப்படல் வேண்டும்.